விமானத்தைப் பார்க்கும் முன் காற்றுப்பையைப் பாருங்கள்

கேள்வி: வேலைக்காக இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பக்கம் குடிவந்திருக்கிறோம். 12 வயது மகனுக்கு விமானம் என்றால் உயிர். வீட்டுக்கு அருகில் புல்தரை ஓடுபாதை உள்ள சிறிய விமானத் தளம் ஒன்று இருக்கிறது. அங்கே போனால் என்ன பார்ப்பது? அவனை ஒருமுறை பறக்க வைக்கலாமா? ஏர் ஷோ பார்க்க எங்கே போகலாம்?

தாராளமாகப் போங்கள். இங்கிலாந்தின் சிறு விமானத் தளங்கள் பலவற்றில் வேலியோரம் மரபெஞ்சுகளும் ஒரு சிறு கஃபேயும் இருக்கும். ஒரு டீ வாங்கிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் முதல்முறை போகிற பலர் ஒரு மணி நேரத்தில் சலித்துத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு விமானம் ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, அவ்வளவுதானே என்று தோன்றிவிடுகிறது. நடப்பது என்ன என்று புரிந்தால் நேரம் போவதே தெரியாது. புரிவதற்கான சாவி விமானத்தில் இல்லை, கம்பத்தில் தொங்கும் காற்றுப்பையில் இருக்கிறது. உங்கள் மகனுக்கு முதலில் அதைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

பையின் அகலமான வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. விமானம் அந்தத் திசையை நோக்கியே ஏறும், அந்தத் திசையை நோக்கியே இறங்கும். இறக்கைக்குத் தேவை தரைமேல் ஓடும் வேகமன்று, அதன்மேல் பாயும் காற்றின் வேகம். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் இரண்டு இருக்கை விமானமான செஸ்னா 152 சுமார் 50 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்கும். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) எதிர்காற்று 10 நாட் இருந்தால் தரையில் 40 நாட் ஓடினாலே போதும். அதே 10 நாட் முதுகுப்பக்கம் இருந்தால் 60 நாட் ஓட வேண்டும். சிறிய புல் ஓடுபாதையில் அந்த வித்தியாசம் வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத் தீர்மானிக்கும். பை முழுதும் கிடைமட்டமாக நீண்டு நின்றால் காற்று சுமார் 15 நாட் அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓடுபாதையின் எண்ணும் திசைதான். 21 என்றால் காந்தத் திசைகாட்டியில் 210 பாகை. அதே பாதையை மறுமுனையிலிருந்து பார்த்தால் 03. இனி ஒரு சின்னக் கணக்கு. ஓடுபாதை 21, காற்று 240 பாகையிலிருந்து 12 நாட் என்றால் இடைக்கோணம் 30 பாகை. விமானிகள் கடிகார முள்ளை வைத்து மனக்கணக்காகப் போடுவார்கள்: 15 பாகைக்குக் கால், 30-க்கு அரை, 45-க்கு முக்கால், 60-க்கு மேல் முழுவதும். ஆக இங்கே பக்கக்காற்று 6 நாட்; கவலையில்லை. காற்று 280 பாகையிலிருந்து 16 நாட் என்று மாறினால் கிட்டத்தட்ட அத்தனையும் பக்கக்காற்று. செஸ்னா 152-ஐத் தயாரித்தவர்கள் செய்துகாட்டிய பக்கக்காற்று அளவு 12 நாட். வானம் நீலமாக இருந்தும் ஒரு விமானம்கூட ஹேங்கர் என்னும் கொட்டகையை விட்டு வெளியே வராத நாட்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் இதுதான்.

எந்த முனையில் இறங்குகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால், அந்த முனைக்கு அருகில் உள்ள பெஞ்சுக்கு இடம் மாறுங்கள். பயிற்சி விமானங்கள் சர்க்யூட் என்னும் நீள்சதுரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஏறியதும் 90 பாகை திரும்பி, பிறகு ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, மறுபடி திரும்பி, நேராக இறங்கும். சாதாரணமாக உயரம் 1000 அடி, திருப்பங்கள் இடப்பக்கம். கீழே இருக்கும் கிராமங்களுக்கு இரைச்சல் போகக்கூடாதென்று சில தளங்களில் இதை வளைத்தும் வலப்பக்கமாக மாற்றியும் வைத்திருப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிற விமானம் இந்த வட்டத்துக்குள் நேரே நுழையாது. தளத்துக்கு மேலே 2000 அடியில் வந்து காற்றுப்பையைப் பார்க்கும். சர்க்யூட் இல்லாத பக்கமாக 1000 அடிக்கு இறங்கி, ஓடுபாதையின் எதிர்முனையைக் குறுக்கே கடந்து வரிசையில் சேரும். இது பிரிட்டனில் கற்பிக்கப்படும் வழக்கமான முறை. தலைக்கு மேலே ஒரு விமானம் வட்டமிடுவதைக் கண்டால் அது வழி தேடுவதாக நினைக்க வேண்டாம். உங்களைப்போலவே அதுவும் பையைப் படித்துக்கொண்டிருக்கிறது.

பழைய தளங்கள் சிலவற்றில் கோபுரத்தின் முன் தரையில் வெள்ளை விளிம்பிட்ட ஒரு சதுரம் இருக்கும். ரேடியோ இல்லாத விமானங்களுக்கு, வானில் இருக்கும்போதே செய்தி தரும் பலகை அது. வெள்ளை 'டி' வடிவம் கிடந்தால் இறங்கும் திசையை அது காட்டுகிறது. இரட்டைக் குறுக்குக் கம்புள்ள வெள்ளைச் சிலுவை, அங்கே எஞ்சின் இல்லாத கிளைடர்கள் பறக்கின்றன என்கிறது. சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் பெருக்கல் குறி இருந்தால் இறங்கவே கூடாது. குழந்தைகளுக்கு இது நல்ல புதிர்.

இறங்குவதைப் பார்ப்பதுதான் முதன்மையான ரசனை என்று சொல்வேன். செஸ்னா 152 கடைசிக் கட்டத்தில் சுமார் 60 நாட் வேகத்தில் வரவேண்டும். மாணவர் பயந்துபோய் 70-இல் வந்தால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறபடியால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாகிவிடும். சக்கரம் புல்லைத் தொடாமல் ஓடுபாதையின் மேலேயே மிதந்துகொண்டு போகும் விமானத்தைக் காட்டி "வேகம் கூடிப்போச்சு" என்று உங்கள் மகன் சொல்லத் தொடங்கினால் அவன் கற்றுக்கொண்டுவிட்டான் என்று பொருள். பக்கக்காற்று நாளில் மூக்கு ஒரு பக்கம் பார்க்க, விமானம் நண்டுபோலப் பக்கவாட்டாக வரும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன் சுக்கானை மிதித்து மூக்கை நேராக்குவார்கள். அந்த ஒரு நொடியைத் தவறவிடாதீர்கள். சரியாக அமையாமல் எஞ்சினை முழுவதும் திறந்து மீண்டும் ஏறிப்போகிறவரைப் பார்த்தால் அவருக்கு வரவில்லை என்று எண்ணாதீர்கள். அது நல்ல விமானியின் முடிவு. எம்பிக் குதித்த விமானத்தைப் பிடிவாதமாகத் தரையில் அழுத்தும்போதுதான் முன்சக்கரத் தண்டு உடைகிறது.

வேலி தாண்டக் கூடாது. விமானி அழைத்தால் மட்டும் அவரோடு போகலாம். கேட்டால் பெரும்பாலோர் சந்தோஷமாகக் காட்டுவார்கள். ப்ரொப்பெல்லரை மட்டும் நின்றிருந்தாலும் தொடக்கூடாது என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். இந்த எஞ்சின்களில் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. அதற்கு பேட்டரி வேண்டாம். அதை அணைக்கும் கம்பி அறுந்திருந்தால், சாவி விமானியின் சட்டைப்பையில் இருந்தாலும், ப்ரொப்பெல்லரைக் கையால் அசைத்ததும் எஞ்சின் உதைத்துச் சுழலலாம்.

இனிப் பறப்பது. பள்ளிகளில் 'ட்ரையல் லெசன்' என்று கேளுங்கள். சுற்றிக்காட்டும் சவாரி அன்று அது. மாணவர் இடப்பக்க இருக்கையில், பயிற்றுநர் வலப்பக்கத்தில், இரண்டு பேருக்கும் கட்டுப்பாடுகள். 12 வயதில் பறக்கலாம், கால் சுக்கான் மிதிக்கு எட்டினால் நல்லது. ஆனால் 14 வயதுக்கு முன் பறந்த நேரம் உரிமக் கணக்கில் சேராது. தனியாகப் பறக்க 16, உரிமம் பெற 17 வயது ஆகவேண்டும். கிளைடரில் 14 வயதிலேயே தனியாகப் பறக்கலாம் என்பதால், பையனுக்கு ஆர்வம் நிலைத்தால் செலவு குறைந்த அந்த வழியை முதலில் யோசியுங்கள்.

பதிவு செய்யும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். '30 நிமிடம்' என்பது எஞ்சின் ஓடும் நேரமா, வானில் இருக்கும் நேரமா? பிரேக் எடுத்ததிலிருந்து கணக்கென்றால் வானில் 20 நிமிடம்தான் கிடைக்கலாம். வானிலையால் ரத்தானால் வவுச்சரின் காலக்கெடு நீளுமா? எடை வரம்பு என்ன? எடையைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. செஸ்னா 152-இன் உச்ச எடை 757 கிலோ. வெறும் விமானம் 510 முதல் 520 கிலோ, நிறைந்த டாங்க் 67 கிலோ. மிஞ்சுவது 170 முதல் 180 கிலோ. இரண்டு கனமான பெரியவர்கள் ஏறினால் முடிந்தது. உங்கள் மகனுக்கு அந்தக் கவலையில்லை. நீங்களும் பின்னால் உட்கார வேண்டுமென்றால் நான்கு இருக்கை உள்ள செஸ்னா 172 அல்லது பைப்பர் பி.ஏ.28 கேளுங்கள்.

காலை நேரம் நல்லது. கோடையில் மதியத்துக்குமேல் வெயிலில் சூடான வயல்களிலிருந்து எழும் காற்று சிறு விமானத்தைக் குலுக்கியெடுக்கும். லேசாகச் சாப்பிட்டுவிட்டு, தட்டையான ஷூ போட்டு வரட்டும். கைப்பேசியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டுங்கள். மிதிகளுக்கிடையே விழுந்த கைப்பேசி சுக்கானை இறுக்கிக்கொள்ளும்.

முன்சோதனையைப் பார்க்க அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பயிற்றுநர் இறக்கையின் அடியில் குனிந்து, நடுவில் ஊசிமுனை உள்ள ஒரு பிளாஸ்டிக் குப்பியை வால்வில் வைத்து மேலே அழுத்துவார். பெட்ரோல் சலசலவென்று குப்பியில் இறங்கும். அதை இறக்கையின் வெள்ளைப் பெயிண்டுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். 100 எல்.எல். என்னும் விமானப் பெட்ரோல் வெளிர்நீலம். பாதி நிறைந்த டாங்க் இரவு குளிரில் வியர்த்தாலோ, மூடியின் ரப்பர் வெடித்து மழை இறங்கினாலோ தண்ணீர் சேரும். அது கனமானது என்பதால் குப்பியின் அடியில் நிறமற்ற முத்துப்போல் உருளும். இதில் ஒரு பொறி உண்டு. குப்பி முழுதுமே தண்ணீராக இருந்தால் பிரிகோடு எதுவும் தெரியாது, சுத்தமாக இருப்பதாகவே தோன்றும். அதனால்தான் நிறத்தையும் பார்ப்பார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள். பிறகு ஏணி வைத்து ஏறி, டாங்கில் அளவுகுச்சியை விட்டு எரிபொருளை அளப்பார். உள்ளே காட்டும் முள்ளை நம்புவதில்லை. 152 மணிக்குச் சுமார் 23 லிட்டர் குடிக்கும். எஞ்சின் எண்ணெய் 6 குவார்ட் கொள்ளும் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு). 4-க்குக் கீழே இருந்தால் பறக்கக்கூடாது.

புறப்படும் முன் எஞ்சினை நிமிடத்துக்கு 1700 சுற்றில் நிறுத்தி இரண்டு மேக்னெட்டோக்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். ஒன்றை அணைத்தால் சுற்று கொஞ்சம் இறங்கவேண்டும். 125-க்கு மேல் இறங்கக்கூடாது, இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசம் கூடாது. கொஞ்சம்கூட இறங்கவில்லை என்றால் அதுவும் கோளாறுதான். அந்த மேக்னெட்டோ அணையவேயில்லை. மேலே சொன்ன ப்ரொப்பெல்லர் ஆபத்து இப்படித்தான் முன்கூட்டியே பிடிபடுகிறது.

பறக்கும்போது பயிற்றுநர் அவ்வப்போது ஒரு குமிழை வெளியே இழுப்பார். அது கார்புரேட்டர் ஹீட், அதாவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடுவது. நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்: வெளியே 15 பாகை வெப்பம், மேகமூட்டம், ஈரமான காற்று, அப்போது எஞ்சினுக்குள் பனிக்கட்டி உறையும். பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய கழுத்தில் விரையும்போதும் வெப்பம் 20, 30 பாகைகூட விழுந்துவிடும். பனி கழுத்தை அடைக்க அடைக்கச் சுற்று மெதுவாகக் குறையும். குமிழை முழுவதும் இழுத்தால் சூடான காற்று உள்ளே போகும். உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போவதால் சில நொடிகள் உறுமலும் இருமலும் அதிகமாகும். பழக்கமில்லாதவர் பதறி அந்த இடத்தில்தான் குமிழைத் திரும்பத் தள்ளிவிடுகிறார். பொறுத்திருந்தால் சுற்று தானாக ஏறும். பிரிட்டனின் ஈரக்காற்றில் இது அன்றாட விஷயம். எஞ்சின் சக்தியைக் குறைத்து இறங்கத் தொடங்கும் முன் அதை இழுப்பது வாடிக்கை.

இரவு மழை பெய்து காலையில் வெயில் அடித்தாலும் பள்ளி போன் செய்து "இன்று வேண்டாம்" என்று சொல்லலாம். கோபப்படாதீர்கள், கணக்கு இதுதான். காற்றில்லாத நாளில், கடல் மட்டத்தில், 50 அடி உயரம் தாண்ட 152-க்குக் கையேட்டின்படி 408 மீட்டர் வேண்டும். அது தார்ப்பாதைக்கு. ஈரப்புல்லுக்கு 1.3-ஆல் பெருக்கினால் 530. அதன்மேல் பாதுகாப்புக்காக 1.33-ஆல் பெருக்கச் சொல்கிறது பிரிட்டன் விமானத்துறையின் அறிவுரை. 705 மீட்டர் ஆகிறது. 650 மீட்டர் புல்பாதையுள்ள தளம் அன்று கதவை மூடத்தான் வேண்டும். பின்காற்று 5 நாட் இருந்தால் இன்னும் 20 விழுக்காடு கூடும்.

ஏர் ஷோவுக்கு நீங்கள் இருக்கும் இடம் அதிர்ஷ்டமான இடம். பெட்ஃபோர்டுக்குக் கிழக்கே பிகிள்ஸ்வேட் அருகே ஓல்ட் வார்டனில் பழைய விமானங்களின் ஷட்டில்வொர்த் சேகரிப்பு இருக்கிறது. விமான அருங்காட்சியகம் உள்ள டக்ஸ்ஃபோர்டும் ஒரு மணிப் பயணத்துக்குள் வந்துவிடும். இரண்டில் முதலில் எது என்றால் தயங்காமல் ஓல்ட் வார்டன் என்பேன். டக்ஸ்ஃபோர்டு பிரம்மாண்டம், 1938 ஆகஸ்டில் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற போர் விமானம் முதன்முதலில் படைப்பிரிவுக்கு வந்து சேர்ந்த இடம், பல ஸ்பிட்ஃபயர்கள் ஒன்றாக எழும் காட்சியை வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது. ஆனால் அங்கே கூட்டம் தெற்கு நோக்கி நிற்கிறது, பகலெல்லாம் கண்ணில் வெயில். தொப்பி, குளிர்கண்ணாடி கட்டாயம். ஓல்ட் வார்டனில் புல்தளம் சிறியது, பார்வையாளர் நிற்கும் கோடு வளைந்தது. அந்த வளைவை ஒட்டித் திரும்பும் விமானம் தன் முதுகு முழுவதையும் நமக்குக் காட்டிக்கொண்டே போகும்.

அங்கே டைகர் மாத்தைக் கையால் கிளப்புவதை அருகிலிருந்து பாருங்கள். 1931-இல் முதலில் பறந்த இந்தப் பயிற்சி விமானத்துக்கு ஸ்டார்ட்டர் கிடையாது, பிரேக்கும் கிடையாது. சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைப்பார்கள். மேக்னெட்டோ சுவிட்சுகள் விமானத்தின் வெளிப்புறத்தில் இருக்கும், சுழற்றுபவர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காக. அணைத்த நிலையில் சில முறை சுழற்றிப் பெட்ரோலை உறிஞ்ச வைப்பார். பிறகு "கான்டாக்ட்!" என்று சத்தம், உள்ளே இருப்பவர் அதையே திருப்பிச் சொல்லி சுவிட்சைப் போடுவார். சுழற்றுபவரின் விரல்களைக் கவனியுங்கள். ப்ரொப்பெல்லரின் விளிம்பைச் சுற்றி மடங்கவே மடங்காது, உள்ளங்கை மட்டும் தட்டையாகப் படியும். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் மடங்கிய விரல் மாட்டிக்கொள்ளும். தள்ளும் வேகத்திலேயே உடலைப் பின்னுக்கு வாங்கிவிடுவார்.

முதல் உலகப் போர்க் காலத்து ஸாப்வித் பப் கிளம்பும்போது மூக்கைத் தீட்டிவையுங்கள். நம் பாட்டி வீட்டு விளக்கெண்ணெய் வாசம் வரும்! அதன் ரோட்டரி எஞ்சினில் சிலிண்டர்கள் அனைத்தும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்தே சுழலும். பெட்ரோல் கலவை கிராங்க் பெட்டி வழியாகவே போவதால், கனிம எண்ணெய்கள் அதில் கரைந்து மசகுத்தன்மையை இழந்துவிடும்; ஆமணக்கெண்ணெய் அவ்வளவு எளிதில் கரையாது. போன எண்ணெய் திரும்ப வராது, புகையோடு வெளியே தெறித்துவிடும். இறங்கும்போது "பர்ர்... பர்ர்" என்று எஞ்சின் அணைந்து அணைந்து எரிவது கோளாறன்று. இன்றைய எஞ்சின்போல வேகத்தை இழுத்துக் குறைக்க வழியில்லாததால், விமானி பொத்தானை அழுத்தித் தீப்பொறியையே வெட்டி வெட்டி விடுகிறார்.

சிவப்பு நிற டி.எச்.88 காமெட்டையும் தேடிப்பாருங்கள். 1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு நடந்த பந்தயத்தில் பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர் வழியாகப் போய் வென்ற அதே விமானம்.

படம் எடுக்கிறவராக இருந்தால் ப்ரொப்பெல்லர் விமானத்துக்கு ஷட்டரை 1/125 அளவில் வையுங்கள். 1/1000-இல் எடுத்தால் ப்ரொப்பெல்லர் உறைந்து, விமானம் நூலில் தொங்கும் பொம்மைபோல் ஆகிவிடும். ரேடியோ ஸ்கேனர் வாங்கும் ஆசை வரும். கருவி வைத்திருப்பது குற்றமில்லை, ஆனால் விமானிகளின் பேச்சை மற்றவர் ஒட்டுக்கேட்க பிரிட்டன் சட்டம் இடம் தரவில்லை. அதற்குப் பதில் விமானத்தின் பக்கவாட்டில் 'ஜி' என்று தொடங்கும் பதிவெழுத்துகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரிட்டன் விமானத்துறையின் இணையப் பதிவேட்டில் இலவசமாகத் தேடினால் அது எந்த ஆண்டு பிறந்தது என்று வந்துவிடும். தன்னைவிட, தன் அப்பாவைவிடக்கூட மூத்த விமானம் வானில் பறக்கிறது என்று அறியும்போது பையன்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஓல்ட் வார்டனுக்கு டிக்கெட் எடுக்கும்போது மாலைக் காட்சியைத் தேர்ந்தெடுங்கள், கடைசிவரை இருங்கள். 1909-இல் கட்டப்பட்ட ப்ளேரியோ விமானம் அங்கே இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி லூயி ப்ளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய அதே வகை. மூன்று சிலிண்டர், 25 குதிரைத்திறன் எஞ்சின். திருப்புவதற்கு இறக்கையையே கம்பியால் முறுக்கவேண்டும். சின்னக் காற்றலை வந்தாலும் சமாளிக்கச் சக்தி போதாது. அதனால் நிகழ்ச்சி நிரலில் பெயர் இருந்தாலும் அது பறக்குமா என்பது அந்தி நேரத்தில்தான் முடிவாகும். போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து மக்கள் காரை நோக்கி நடக்கத் தொடங்கும் நேரம் அது. நீங்கள் காற்றுப்பையைப் பாருங்கள். அது கம்பத்தோடு ஒட்டித் துவண்டு தொங்கினால் இடத்தைவிட்டு எழாதீர்கள். நாலைந்து பேர் வாலைப் பிடித்துக்கொண்டு அதைப் புல்லுக்கு நடத்திவருவார்கள். ஓடி, சில அடி எழும்பி, நேராகச் சிறிது தூரம் போய், மறுபடி புல்லில் உட்காரும்.